மனு வாங்கும் மேசையில் அரசமைப்புச் சட்டம்: அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியில், 36 முதல் 51 வரையிலான உறுப்புகளில், அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள் இடம்பெற்றுள்ளன. வேலை, கல்வி, முதுமையிலும் நோயிலும் உடற்குறையிலும் கிடைக்க வேண்டிய அரசு உதவி ஆகியவற்றை 41-ஆவது உறுப்பும், ஊட்டச்சத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் 47-ஆவது உறுப்பும், இலவசச் சட்ட உதவியை 39-அ உறுப்பும் பேசுகின்றன. போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் இவற்றை ‘நீதிமன்றத்தால் செயல்படுத்த இயலாதவை’ என்ற ஒரு வரியோடு மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்த வரி 37-ஆவது உறுப்பின் முற்பாதி மட்டுமே. இக்கோட்பாடுகள் நாட்டின் ஆளுகைக்கு அடிப்படையானவை என்றும், சட்டம் இயற்றுகையில் இவற்றைக் கைக்கொள்வது அரசின் கடமை என்றும் அதன் பிற்பாதி கூறுகிறது. ‘அரசு’ என்ற சொல்லில் ஊராட்சியும் நகராட்சியும் அடங்கும் என்பது 12-ஆவது உறுப்பு. நான்காம் பகுதிக்கும் அதே பொருள் என்பது 36-ஆவது உறுப்பு. ஆகவே கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலக இளநிலை உதவியாளர், ஊராட்சிச் செயலர், அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர், நியாயவிலைக் கடை விற்பனையாளர் என யாராக இருந்தாலும், மக்களின் மனுவையோ அட்டையையோ கையில் வாங்குகிறவர் இந்தப் பகுதியைத் தம் பணிவிதியாகவே படிக்க வேண்டும்.

நீதிமன்றமும் இவ்வுரிமைகளை வெளியிலேயே நிறுத்திவிடவில்லை. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆவது உறுப்பில் போதிய உணவும் உடையும் உறைவிடமும் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1981-இல் கூறியது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், 1985-இல், பிழைப்புக்கான வழியும் அதில் அடங்கும் என்றது. 2001-இல் தொடங்கிய உணவுரிமை வழக்கில், அவ்வாண்டு நவம்பர் 28 அன்று பிறப்பித்த இடைக்கால ஆணையின் வழியே, அதுவரை அரசின் திட்டங்களாக மட்டும் இருந்த பொது விநியோகம், பள்ளி மதிய உணவு, அங்கன்வாடி உணவு, முதியோர் ஓய்வூதியம் போன்றவற்றை மக்கள் உரிமையோடு கேட்கத்தக்கவையாக மாற்றியது. கல்வி உரிமை 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்தால் 21-அ உறுப்பாகவே அரசமைப்பில் ஏறியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த வரலாற்றிலிருந்து வந்தவை.

இவ்வளவு இருந்தும் உரிமை எங்கே அறுந்துபோகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மேசைக்கு முன்னால், ஒரு வாய்ச்சொல்லில் என்பதே என் பதில். ‘இதுக்கெல்லாம் கிடைக்காதும்மா’, ‘மகன் இருக்காருல்ல’, ‘அடுத்த வாரம் வந்து பாருங்க’ என்ற சொற்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவாகாத மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. அதை மேலதிகாரி ஆய்வு செய்ய முடியாது. சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தாலும் அது கணக்கில் வராது. எனவே, இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: எவரையும் வாய்மொழியாக மறுத்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.

மனுவைப் பெறுதல்

மனு முழுமையாக இல்லாவிட்டாலும் அதை வாங்கிக்கொள்ளுங்கள். இணைப்பு குறைகிறது என்றால், வாங்கிப் பதிந்த பிறகு எது குறைகிறது என்று எழுத்தில் கேட்கலாம். மனு கைக்கு வந்த அன்றே தபால் பதிவேட்டில் ஏற்றி, ந.க. எண் (அலுவலகத்துக்கு வரும் தாளை அடையாளம் காட்டும் எண்) இட்டு, உரிய உதவியாளர் தம் பொறுப்பில் வரும் தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் சேர்த்து, எண்ணும் தேதியும் உள்ள ஒப்புகையை மனுதாரரிடம் கொடுத்துவிட வேண்டும். இணையவழியில் இ-சேவை மையம் மூலம் வரும் விண்ணப்பங்களுக்கு எண் தானாகவே உருவாகிவிடும். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பெறும் மனுக்களுக்கும் எண் உண்டு. கைகளில் நேராகக் கொடுக்கப்படும் வெள்ளைத்தாள் மனுவுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இல்லை, அதைக் கொண்டுவருவோரே பெரும்பாலும் மிக வறியவர்கள்.

தேதியிட்ட ஒப்புகை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வகுத்த முறையில் காணலாம். வேலை கேட்டு மனு கொடுத்த 15 நாள்களுக்குள் வேலை தரப்படாவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றும், முதல் 30 நாள்களுக்கு அது கூலியில் கால் பங்குக்கும் அதன் பின் அரைப் பங்குக்கும் குறையக்கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. 15 நாள்களை எண்ணத் தொடங்க ஒரு தேதி வேண்டும். ஒப்புகை தராத இடங்களில் அந்தத் தேதி எந்தத் தாளிலும் இல்லாமல் போயிற்று. படி கேட்கும் வழியும் அத்தோடு அடைபட்டது. மிகக் கவனமாக எழுதப்பட்ட ஒரு சட்டப்பிரிவை ஒரு துண்டுச் சீட்டு இல்லாமை செயலற்றதாக்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எழுதத் தெரியாதவர் வந்தால் அவர் சொல்வதைக் கேட்டு எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதைத் தகவல் அலுவலரின் கடமையாகவே வைத்திருக்கிறது. மற்ற மனுக்களுக்கும் அதே ஒழுங்கைப் பின்பற்றுவதில் எந்தத் தடையும் இல்லை.

சான்று கேட்கும்போது

ஒரு மனுவில் எந்தச் சான்றைக் கேட்பதானாலும், அதை எந்த விதி கேட்கிறது, அது நம் அலுவலகத்திலேயே வேறொரு பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விதி கேட்காத சான்றைப் பழக்கத்தின் பேரில் கேட்பதும், நம்மிடமுள்ள நிலப் பதிவேடுகளான அடங்கலிலும் சிட்டாவிலும் உள்ளதை மனுதாரரையே நகல் எடுத்து வரச் சொல்வதும் ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் வருமானத்தைப் பறிக்கும் செயல்கள்.

சட்டமே சில இடங்களில் சான்றின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்க இயலாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது 5-ஆவது பிரிவு. கல்வியாண்டு தொடங்கிய பிறகு வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15-ஆவது பிரிவு. செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் இடம்பெயர்ந்து வரும் பிள்ளைக்கு இந்த மூன்று தடைகளும் ஒரே நாளில் எதிரே வரும் என்பதால், தலைமை ஆசிரியர்கள் இம்மூன்று பிரிவுகளையும் எண்ணோடு நினைவில் வைத்திருப்பது நல்லது. குழந்தையை அன்றே வகுப்பில் அமர்த்திவிட்டு, ஆவணங்களைப் பிறகு தேடலாம்.

ஆதார் பற்றியும் இதே தெளிவு வேண்டும். ஆதார் சட்டம், 2016-இன் 7-ஆவது பிரிவு மானியத்துக்கும் நலத்திட்டத்துக்கும் ஆதாரைக் கேட்க அரசுக்கு அனுமதி தருகிறது. எண் இன்னும் வழங்கப்படாதவருக்கு வேறு ஏற்ற அடையாள வழி அளிக்கப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வயலிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்காமல் போவது அன்றாடம் நடப்பது. அது கருவியின் குறை. அதற்காக அரிசியை நிறுத்தும் அதிகாரம் கடையில் இருப்பவருக்கு இல்லை. நடைமுறையில் உள்ள மாற்று வழியில் பொருளை வழங்கி, ரேகை ஏற்கப்படாத அட்டைகளின் எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாதந்தோறும் வட்ட வழங்கல் அலுவலருக்கு அனுப்புங்கள். எந்தத் தெருவில், எந்த வயதினருக்கு இது திரும்பத் திரும்ப நேர்கிறது என்பது அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் மேலே தெரியவரும்.

பழங்குடியினர் சாதிச் சான்று தனியே சொல்லத்தக்கது. தமிழ்நாட்டில் இதை வழங்குபவர் சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் என்பதால், இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் நெடுந்தொலைவு அலைய நேர்கிறது. பெற்றோருக்குச் சான்று இல்லாததைக் காட்டிப் பிள்ளைக்கும் மறுத்தால், ஒரு தலைமுறையின் இல்லாமை அடுத்ததற்கும் சொத்தாகிவிடும். கீழ்நிலை அலுவலர் செய்யக்கூடியது, குடியிருப்புக்கே சென்று விசாரித்து, உறவுமுறையையும் வாழ்முறையையும் விரிவாக எழுதி, முழுமையான அறிக்கையாக அனுப்புவது. ‘விசாரணை தேவை’ என்ற இரண்டு சொல் குறிப்போடு கோப்பை மேலே தள்ளினால் அது அதே இரண்டு சொல்லோடு கீழே திரும்பி வரும்.

மறுக்க நேர்ந்தால்

தகுதியில்லாத மனுக்களும் வரவே செய்யும். அவற்றை ஏற்பது தகுதியுள்ள இன்னொருவரின் பங்கைக் குறைக்கும். மறுப்பதில் தவறில்லை, அதைக் காரணத்தோடும் எழுத்திலும் செய்ய வேண்டும். நிருவாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பது ஒவ்வொரு பொது அமைப்பின் கடமை என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் உள்ளது. அதற்காக மனுதாரர் தனியே கேட்க வேண்டியதுகூட இல்லை. அத்துடன், ஓர் ஆணை அதில் எழுதப்பட்ட காரணங்களைக் கொண்டே சீர்தூக்கப்படும், பின்னர் பிரமாண வாக்குமூலத்தில் புதிய காரணங்களைச் சேர்த்து அதை நிமிர்த்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் கூறியிருக்கிறது. ஆகவே காரணம் எழுதுவது மனுதாரருக்கு எவ்வளவு பாதுகாப்போ அவ்வளவு அலுவலருக்கும் பாதுகாப்பு.

‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, விதிகளின்படி இடமில்லாததால் நிராகரிக்கப்படுகிறது’ என்பது காரணம் ஆகாது. எந்த விதி, எந்த உண்மை, எது பொருந்தவில்லை என்ற மூன்றும் அதில் இல்லை. முதியோர் ஓய்வூதிய மனு ஒன்றை எடுத்துக்கொண்டால், பின்வருமாறு எழுதலாம்: ‘இத்திட்டத்துக்கு 60 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். தாங்கள் இணைத்துள்ள வாக்காளர் அடையாள அட்டையின்படி தங்களுக்கு 58 வயது ஆகிறது. இதைவிட முந்தைய பிறந்த ஆண்டைக் காட்டும் வேறு ஆவணம் தங்களிடம் இருந்தால், இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் அளிக்கலாம். நேரில் வர இயலாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தால் போதும்.’ இதன் கீழ், முடிவை எதிர்த்து யாரிடம் செல்லலாம் என்பதை அந்த அலுவலரின் பதவி, முகவரியோடு சேர்க்க வேண்டும்.

இப்படி எழுத உட்காரும்போதே பல மறுப்புகள் கலைந்துவிடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘மகன் இருக்கிறார்’ என்று வாயால் சொல்வது எளிது. அதையே தாளில் எழுதப் போகும்போது, மகன் இருப்பதைத்தான் விதி கேட்கிறதா, அவர் தாயைப் பராமரிப்பதைக் கேட்கிறதா, பராமரிக்கிறார் என்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது, அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றாவது நமக்குத் தெரியுமா என்ற கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். எழுதக் கூச்சப்படும் காரணத்தை வாயாலும் சொல்லக் கூடாது என்பது நல்ல அளவுகோல்.

மறுப்புக் கடிதத்தோடு சட்ட உதவி பற்றியும் ஒரு வரி சேருங்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். வட்ட அளவிலேயே சட்டப் பணிகள் குழு செயல்படுகிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

நிதி இல்லை என்ற விடை

41-ஆவது உறுப்பிலேயே, ‘தன் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு’ என்று அரசுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா இக்கோட்பாடுகளை, வங்கிக்கு வசதிப்படும்போது பணம் தரும் காசோலைக்கு ஒப்பிட்டுக் குறைகூறியதும் உண்டு. ஆனால் அந்த வரம்பை எடுத்துச் சொல்லும் உரிமை யாருக்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நாட்டின் பொருளாதாரத் திறனை அளந்து வரவு செலவுத் திட்டம் வகுப்பது சட்டமன்றமும் அமைச்சரவையும் செய்யும் வேலை. ஒதுக்கீடு இல்லை என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு ஆளைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் மேசையில் இருப்பவருக்கு எந்த உறுப்பாலும் தரப்படவில்லை.

உள்ளாட்சி ஊழியர்கள் 1980-ஆம் ஆண்டின் ரத்லம் நகராட்சி வழக்கை அறிந்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் அந்த ஊரில், திறந்த சாக்கடையாலும் கழிப்பிடம் இன்மையாலும் தவித்த ஒரு பகுதி மக்கள் குற்றவியல் நடுவரிடம் முறையிட்டனர். நகராட்சியோ பணம் இல்லை என்றது. நிதியில்லை என்று சொல்லி அடிப்படைக் கடமையிலிருந்து நகராட்சி விலக முடியாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பெழுதினார். 1992-இல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியைப் பல அரசு மருத்துவமனைகள் படுக்கையில்லை, வசதியில்லை என்று அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் தம் செலவில் சிகிச்சை பெற்றார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், உயிர் காக்கும் அவசர சிகிச்சையில் நிதி நெருக்கடி ஒரு சாக்காக முடியாது என்று 1996-இல் தீர்ப்பளித்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் பதிவு எழுதுகிற ஊழியர் முதல் மருத்துவர் வரை, ‘இங்கே இடமில்லை’ என்று சொல்வதற்கு முன் முதலுதவி அளித்து, இடமுள்ள மருத்துவமனை எதுவெனத் தாங்களே தொலைபேசியில் கேட்டறிந்து, வண்டி ஏற்பாடு செய்து அனுப்பும் பொறுப்பில் இருக்கிறார்கள்.

இருந்தும் சில திட்டங்களில் பயனாளிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழான ஓய்வூதியங்களுக்கு மாநிலவாரியாக இத்தகைய வரம்பு இருப்பதால், தகுதியிருந்தும் காத்திருக்க வேண்டியவர்கள் இருப்பார்கள். அந்நிலையில் செய்ய வேண்டியவை தெளிவானவை. தகுதி உறுதியானதும் ‘தகுதியுடையவர், காத்திருப்போர் பட்டியலில் இன்ன இடம்’ என்று எழுத்தில் தெரிவியுங்கள். பட்டியலை மனுத் தேதி வரிசையில் வைத்து அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். காத்திருப்போர் எண்ணிக்கையை மாத அறிக்கையில் மேலே அனுப்புங்கள். வாயால் மறுக்கப்பட்ட நூறு பேர் அரசின் கணக்கில் பூஜ்யமாகவே தெரிவார்கள். பட்டியலில் உள்ள நூறு பேர் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டுக் கோரிக்கையில் நூறாகத் தெரிவார்கள். தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் இன்று ஆயிரத்தைக் கடந்திருப்பதற்குப் பின்னால், கணக்கில் ஏறிய தேவைகளின் அழுத்தமும் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

மேசைக்கு வராதவர்கள்

மனுவுக்கு நேர்மையாக விடை தரும் அலுவலகமும், மனு கொடுக்கத் தெரியாதவர்களைத் தவறவிட்டுவிடும். படுக்கையில் கிடப்பவர், மனநோயால் வாடுபவர், அரிசி ஆலையிலும் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வெளியே வர முடியாதவர் ஆகியோரைத் தேடிச் செல்வதுதான் வழி. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 இதை மாவட்ட, கோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியுள்ளது. கிராம உதவியாளர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஊரில் எந்த வீட்டில் என்ன உதவி வந்து சேரவில்லை என்று கேட்டால், பெரும்பாலான பெயர்கள் அங்கேயே கிடைத்துவிடும். மூவரிடமும் தனித்தனிப் பதிவேடு இருந்தும் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம்தான் அரிதாக இருக்கிறது.

ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் பயனாளிகள் பட்டியலையும் காத்திருப்போர் பட்டியலையும் உரக்கப் படியுங்கள். இறந்தவரின் பெயர் நீங்குவதும் விடுபட்டவரின் பெயர் சேர்வதும் அந்த வாசிப்பில் நடக்கும். நோயின் பெயர், மருத்துவ விவரம் போன்றவற்றைப் பொதுவில் படிக்க வேண்டாம்.

வாய்மொழி ஆணைகள்

‘அந்தத் தெருக்காரர்கள் மனுவை இப்போதைக்கு எடுக்காதே’ என்று மேலிருந்து ஒரு சொல் வரலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, மேலதிகாரியின் ஆணை இயல்பாக எழுத்திலேயே இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகத் தந்தால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மாநிலப் பணியில் இருப்பவரும் இதையே நல்ல நடைமுறையாகக் கொண்டு, ‘இன்ன தேதியில் தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தவாறு’ என்று கோப்பில் பணிவான ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பலாம். புதியவருக்கு இது எளிதன்று. தண்டனையாக இடமாறுதல் வரும் என்ற அச்சமும் பொய்யானதல்ல. ஆயினும் கோப்பில் எழுதத் துணிந்தவரிடம் அத்தகைய சொற்கள் படிப்படியாகக் குறைந்துவிடுகின்றன. முடிந்தால் உடன் பணிபுரிவோர் அனைவரும் ஒரே முறையைக் கைக்கொள்ளுங்கள். ஒருவர் தனித்து நிற்கும் நிலை அதனால் தவிரும்.

இடமாறுதல் ஆணை எதனால் வந்தாலும், பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் பதிவேடுகளோடு நிலுவை மனுக்களின் தனிப்பட்டியல் ஒன்றையும் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ந.க. எண், பெறப்பட்ட தேதி, எது வரை நடந்திருக்கிறது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். அடுத்து வருபவரிடம் அதில் கையொப்பம் பெற்று, ஒரு நகலை அலுவலகக் கோப்பில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.